லைட்டு மட்டும்தான் பாக்கி

கடத்தூரில் ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் பொம்மிடிக்குப் போக வேண்டும், இல்லையேல் மொரப்பூருக்கு. ஆனால் கடத்தூரில் ரயிலே இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் லேப் சாருக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர் வீட்டு மாடியறையில் எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகைமேல் ஒரு மெயின் லைன், ஒரு லூப் லைன், இரண்டு பிளாட்பாரம், ஒரு கூட்ஸ் ஷெட் எல்லாம் இருக்கின்றன. இன்ஜின்களும் இருக்கின்றன. 'ஓடுமா?' என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், "எல்லாம் முடிஞ்சுதுங்க, லைட்டு மட்டும்தான் பாக்கி" என்பார். இந்தப் பதிலுக்கு எவ்வளவு வயது என்பதற்கு அவர் மகனே சாட்சி. பையன் எட்டாம் வகுப்புப் படிக்கையில் முதன்முதலாகக் கேட்டான். இப்போது ஓசூரில் வேலைக்குப் போகிறான்.

லேப் சார் ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். கோவையில் இந்த இனம் மில் மேனேஜராக இருக்கும். பெங்களூரில் சாப்ட்வேர் ஆபீசில் உட்கார்ந்திருக்கும். சென்னையில் பல் டாக்டராகவும் இருக்கலாம். பல் டாக்டருக்குக் கூடுதல் யோகம், சின்ன டிரில்லும் பூதக்கண்ணாடியும் தொழில் செலவிலேயே வந்துவிடும். கடத்தூர்க் கிளைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் எதுவானால் என்ன, ஊருக்கு அவர் லேப் சார். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகிய கை. ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் பார்த்தே மதிப்புச் சொல்லிவிடும் கண். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஓய்வுக் காலத்தில் நிம்மதியாக இருக்க முடியுமா?

இன்ஜின் பைத்தியம் எல்லா ஊரிலும் உண்டு. பொம்மிடி பிளாட்பாரத்தில் நின்று வருகிற இன்ஜினெல்லாம் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று சொல்கிற பையன்கள் இருக்கிறார்கள். டைம் டேபிளை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு படி மேலே இருப்பவர் லேப் சார். இன்ஜினைக் கண்டால் அவர் கை துறுதுறுக்கும், உடனே அதன் கூரையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல வேளையாக ரயில்வே அவரை ஷெட்டுக்குள் விடவில்லை. அதனால் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவுள்ள இன்ஜினோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

கழற்றுவதற்கு அவர் சொல்லும் காரணம் நியாயமானது. பழைய முறை மாதிரி ரயிலில் தண்டவாளத்துக்குப் போகிற மின்சாரம்தான் எல்லாம். 12 வோல்ட்டுக்குள் ஏற்றினால் வண்டி வேகமாகப் போகும், குறைத்தால் மெதுவாகப் போகும். விளக்கும் அந்த மின்சாரத்தில்தான் எரிகிறது. ஆகவே வண்டி வேகமெடுத்தால் விளக்கு பிரகாசமாகும், நின்றால் அணைந்துவிடும். "ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் பொம்மிடியில வந்து நிக்குது. நின்ன உடனே ஹெட்லைட்டும் பொட்டி லைட்டும் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சுன்னா எப்படி இருக்கும்? ஜனங்க இறங்கி ஓடிடமாட்டாங்களா?" என்று கேட்பார். மறுத்துப் பேச ஒன்றும் இல்லை.

இதற்குத்தான் டீகோடர். ஜெர்மனியில் லென்ஸ் என்ற கம்பெனி உருவாக்கிய முறையை எடுத்து, அமெரிக்க மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொதுவிதி ஆக்கியது. டி.சி.சி. என்பார்கள். தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மின்சாரமே கட்டளையையும் சுமந்துகொண்டு போகும். துடிப்பு ஒவ்வொன்றும் நொடியில் பத்து லட்சத்தில் சுமார் 58 பங்கு நேரம் என்றால் ஒன்று, 100 பங்குக்குக் குறையாமல் நீண்டால் பூஜ்யம். இன்ஜினுக்குள் கட்டைவிரல் நகத்தளவு உட்கார்ந்திருக்கும் டீகோடர் அதைப் படித்து, தன்னை விளித்த கட்டளைக்கு மட்டும் பணியும். ஒரே தண்டவாளத்தில் ஒரு வண்டி நிற்கலாம், இன்னொன்று எதிரே வரலாம், நிற்பதன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். லேப் சார் இதை விளக்கும்போது அவர் முகத்திலும் ஒரு விளக்கு எரியும். கேட்பவர் முகத்தில் எரியாது, அது அவருக்குப் பொருட்டில்லை.

டீகோடர் மாட்டும் நாள் வீட்டில் ஒரு விசேஷ நாள். காலையிலேயே குளித்துவிடுவார். மேஜையில் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரிப்பார். வெள்ளையில்தான் கீழே விழுந்த திருகாணி தெரியும். அந்தத் திருகாணி எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் பிடிக்க வருவான். "மோட்டாருக்குப் புடிடா, என் மூக்குக்கு எதுக்குடா லைட்டு?" என்று முதல் வசனம் தொடங்கும்.

கூரையைக் கழற்றியதும் உள்ளே ஓர் உலோகச் சட்டம், நடுவில் மோட்டார், இருபுறமும் பல்சக்கரப் பெட்டி. இதில் மோட்டாரின் இரண்டு கால்களும் சட்டத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். பழைய இன்ஜின்களில் ஒரு கால் சட்டத்தோடு ஒட்டியே இருக்கும், தண்டவாளத்து மின்சாரம் அப்படித்தான் ஏறும். அதைப் பிரிக்காமல் டீகோடரை மாட்டிச் சுவிட்சைப் போட்டால் 3,000 ரூபாய் ஒரு நொடியில் வாசனையாகப் போய்விடும். போயும் இருக்கிறது. கீழே அடுப்படியிலிருந்து வீட்டம்மா, "என்னங்க, மேல ஏதாச்சும் கருகுதா?" என்று குரல் கொடுப்பார். "ஒண்ணுமில்ல, ஊதுவத்தி!" என்று பதில் போகும். ரயிலுக்கு ஊதுவத்தி ஏற்றுகிற மனிதரா என்று அந்த அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் கூடாதவை எவை என்று இந்த இனத்தின் மனைவிமார்களுக்குத் தெரியும்.

ஆகவே சார் முதலில் கேப்டான் என்ற தங்க நிறத்து மின்காப்பு டேப்பைக் கத்தரித்து மோட்டாருக்கு அடியில் ஒட்டுவார். மல்டிமீட்டரை 'கீ' சத்தத்துக்கு வைத்து, ஒரு முனையைச் சட்டத்திலும் இன்னொன்றை மோட்டார் காலிலும் வைப்பார். சத்தம் வந்தால் ஆபத்து, வராவிட்டால் முகூர்த்தம். பிறகு கம்பிகள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. "கட்சி இல்லடா, கரண்ட்டு" என்று பையனிடம் சொல்வார். ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன் விளக்குக்கு, மஞ்சள் பின் விளக்குக்கு. நீலம் எல்லா விளக்குக்கும் பொது. பச்சையும் ஊதாவும் கூடுதல் விளக்குகளுக்கு. எல்.ஈ.டி.க்கு முன்னால் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும், பழுப்பு-கறுப்பு-சிவப்பு. இத்தனையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குகிற இடத்தில். அடங்கியது என்று கூரையை மூடினால் ஒரு கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். அதைத் தள்ளினால் இன்னொன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடி முடிக்கும்போது துண்டின்மேல் அந்தத் திருகாணி ஒன்று மிச்சம் கிடக்கும்.

மிச்சத் திருகாணிக்கு என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறார். பாதிக்குமேல் நிரம்பிவிட்டது.

அடுத்தது பெயர் வைக்கும் சடங்கு. கம்பெனியிலிருந்து வருகிற டீகோடர் எல்லாவற்றுக்கும் முகவரி எண் 3. மாற்றாமல் விட்டால் மேஜைமேல் உள்ள அத்தனை இன்ஜினும் 3-ஐ அழைத்ததும் ஒன்றாகக் கிளம்பும். எனவே ஒவ்வொன்றுக்கும் தனி எண் எழுத வேண்டும். நம் ரயில்வேயின் இன்ஜின் எண்ணோ ஐந்து இலக்கம், கன்ட்ரோலர்கள் ஏற்பதோ பொதுவாக நாலு இலக்கம். கடைசி நாலை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதிலும் வில்லங்கம். 11-ல் தொடங்கும் டீசல் ஒன்றுக்கும் 31-ல் தொடங்கும் சரக்கு மின்சார இன்ஜின் ஒன்றுக்கும் கடைசி நாலும் ஒத்துப்போய்விட்டது. ஒரு தீபாவளியன்று சொந்தபந்தம் பார்த்திருக்க, டீசலை முன்னே விட்டார். கூட்ஸ் ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்த மின்சார இன்ஜினும் எழுந்து வந்து சுவரை முட்டியது. அவருடைய மச்சான், "பரவால்லீங்க மாமா, பொறந்த ஊருக்குப் போகப் பாக்குது" என்றார். அந்த மச்சான் அதற்குப்பின் மாடியேறியதில்லை.

எதுவும் சரிப்படாவிட்டால் இறுதி வைத்தியம் ஒன்று உண்டு. டீகோடரின் நினைவகத்தில் எட்டாம் எண் அறையில் 8 என்று எழுதினால் பெரும்பாலான டீகோடர்கள் கற்றதையெல்லாம் மறந்துவிட்டுப் பிறந்த நிலைக்குத் திரும்பிவிடும். முகவரி மறுபடி 3. சார் இதைச் செய்யும்போது ராகுகாலம் பார்க்கிறார் என்று கேள்வி. இயற்பியல் லேப்பில் முப்பது வருஷம் இருந்தவர் என்பதால் நான் நம்பவில்லை. ஆனால் விசாரிக்கவும் இல்லை.

சத்தம் வருகிற டீகோடர் ஒன்று அவரிடம் இருக்கிறது. விலை ஐந்து இலக்கம், அதனால் அதற்கு மட்டும் துணி உறை. அதை அமெரிக்க டீசலுக்கென்று செய்திருக்கிறார்கள். நம் ஊர் டீசலின் முன்னோரும் அமெரிக்காதான். 1962-ல் ஆல்கோ கம்பெனியிலிருந்து கப்பலில் வந்ததுதான் நம் டபிள்யூ.டி.எம்.-2. அந்தக் குடகுட சத்தம் பொருந்தும் என்று வாங்கிவிட்டார். பொருந்தவும் செய்தது. ஆனால் அமெரிக்க இன்ஜினில் மணி உண்டு, நம் இன்ஜினில் கிடையாது. ஒன்றாம் பட்டன் மணிக்கு, இரண்டாம் பட்டன் ஹாரனுக்கு. அவசரத்தில் விரல் ஒன்றில்தான் போய் விழும். மாடியிலிருந்து கணகணவென்று மணி அடிக்கும். கீழே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எண்பது தாண்டிய அவர் அம்மா இரு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். "பையனுக்கு இப்பதான் பக்தி வந்திருக்குது" என்று வெற்றிலை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

வரியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாருக்கு ரத்த அழுத்தம் ஏறும். மாதிரி ரயிலை சுங்கத்துறை பொம்மை இனத்தில் சேர்த்திருக்கிறது. இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-ல் 70. பணம்கூட அவருக்குப் பெரிதில்லை. கிலுகிலுப்பையோடும் கரடிப் பொம்மையோடும் ஒரே வரிசையில் வைத்தார்களே என்பதுதான் தீராத மனக்குறை. "ரெண்டு வயசுக் குழந்தை கையில டீகோடரக் குடுத்துப் பாக்கட்டும்!" என்பார். குழந்தை என்ன செய்யும், வாயில் வைக்கும். சார் பல்லால் கம்பியின் உறையை உரிக்கும்போது அதைத்தான் செய்கிறார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சீரியல் செட்காரர் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். மாரியம்மன் பண்டிகைக்கு வாசலில் குழல் விளக்குக் கட்ட வந்தவர், மாடியில் லைன் இழுக்கும் சாக்கில் அறைக்குள் எட்டிப் பார்த்தார். சார் அப்போது கடைசிப் பெட்டிக்குச் சிவப்பு மினுக்கு விளக்கு பொருத்திக்கொண்டிருந்தார். நிஜ ரயிலில் அந்த விளக்குக்கு வேலை இருக்கிறது. கடைசிப் பெட்டியின் பின்னால் அது தெரிந்தால்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது, நடுவழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷனில் இருப்பவர்கள் உறுதிசெய்வார்கள். சார் இதையெல்லாம் சொன்னார்.

"சரிங்ணா. இது மினுக்குறதுக்கு எத்தனை நாளாச்சு?"

"டிசைன் பண்ணவே ரெண்டு மாசம் ஆச்சுப்பா. தண்டவாளத்துல வர்றது ஏ.சி. மாதிரி திசை மாறிக்கிட்டே இருக்கும். நாலு டயோடு போட்டு நேராக்கி, கெபாசிட்டர் வெச்சு, சக்கரத்துலர்ந்து பித்தளைத் தகடு வழியா..."

"நாங்க இருபதடி அம்மனையே கட்டி, ரெண்டு கையையும் ஆட்டி, சூலத்துல நெருப்பு வர்ற மாதிரி ஓடவிடுறோங்ணா. ஒரு ராத்திரில."

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "உங்க அம்மன ஒரு இஞ்ச் அகலத்துல பண்ண முடியுமா?"

அந்த ஆள் யோசித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது, ஏனென்றால் அவர் போகவே இல்லை. வாசலில் குழல் விளக்கு பாதியில் தொங்க, சாயங்காலம்வரை இருவரும் ஒரே பூதக்கண்ணாடிக்குள் தலைகளை முட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது.

பெட்டி விளக்கு மஞ்சளா வெள்ளையா என்பது இவர்கள் வட்டாரத்தில் பெரிய சண்டை. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய நீலப் பெட்டிக்குள் மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும் என்பது சாரின் கட்சி. பிறகு வந்த சிவப்பு எல்.எச்.பி. ரகப் பெட்டிக்கு வெள்ளை. ஐ.சி.எஃப். தன் பழைய பாணிப் பெட்டியைச் செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது. "அதுக்காக நாமளும் நிறுத்திடறதா?" என்பார். நீலப் பெட்டிக்கு வெள்ளை விளக்கு போட்ட பெங்களூர் நண்பர் ஒருவரோடு பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணப் பத்திரிகை மட்டும் போயிற்று, அதுவும் தபாலில்.

பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று கடத்தூர் சந்தையில் வாங்கிய பேட்டரி ரயிலைக் கொண்டுவந்து அவர் மேஜைமேல் ஒருமுறை விட்டது. விலை 150 ரூபாய். சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிந்தது, விசில் அடித்தது, பாட்டுப் பாடிக்கொண்டு வட்டமடித்தது. சார் குனிந்து உற்றுப் பார்த்தார். "ரிவர்ஸ்ல போனா பின்னாடி லைட்டு எரியுமா?" என்று குழந்தையிடம் கேட்டார். எரியாது. சார் முகம் தெளிந்தது.

நானும் முதலில் இவரை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன். அந்த அபிப்பிராயத்தை மாற்றியது அறையின் மூலையில் துணி போர்த்திக் கிடந்த இரண்டாவது பலகை.

நம் அகல ரயில் பாதையின் இரு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5. அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கான கணக்கு. ஆக இந்தியாவில் இந்த அளவில் விளையாடுகிற பலரும் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறுகலான பொய்யின்மேல்தான் வண்டி விடுகிறார்கள். மற்றவர்களுக்கு உறுத்துவதில்லை. சாருக்கு உறுத்திற்று. உறுத்தலோடு வகுத்துக்கொண்டே போனவருக்கு ஒரு கணக்கு மட்டும் மாட்டியது: 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடிப் பாதை. எண்பத்தேழால் வகுத்தால் 8.76. கடையில் 9 மில்லிமீட்டர் தண்டவாளம் தாராளமாகக் கிடைக்கிறது.

இரண்டரை அடிப் பாதை எங்கே இருந்தது? அவர் வீட்டு வாசலிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் குறும்பாதை ரயில் ஓடத் தொடங்கியது. 1913-ல் ஓசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941-ல், மூடிவிட்டார்கள். மொரப்பூர்-தர்மபுரி இடையே மறுபடி ரயில் விட அகலப்பாதை போடுவதற்கு 2019-ல் அடிக்கல் நாட்டியதை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னமும் டீக்கடையில் பேசுகிறார்கள். இன்றைக்கு ஓடுகிற லைன் அளவுக்கு ஒத்துவரவில்லை. ஓடாத லைன் கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்துகிறது. இதற்குமேல் அந்த மனிதருக்கு வேறென்ன உத்தரவு வேண்டும்?

துணியை விலக்கிக் காட்டினார். மொரப்பூர் சந்திப்பு பாதி முடிந்திருந்தது. அகலப்பாதை பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் குறும்பாதை வந்து முடிகிறது. விரலளவு நீராவி இன்ஜின் ஒன்று நிற்கிறது. அதற்குள் டீகோடருக்கு இடமே இல்லை என்பதால் முதல் பெட்டிக்குள் வைத்துக் கம்பியை முன்னே இழுத்திருக்கிறார். முகப்பு விளக்கு மண்ணெண்ணெய் விளக்கைப்போல மெல்ல நடுங்க வேண்டும். டீகோடரில் அதற்கும் ஒரு எண் இருக்கிறதாம். காவல்காரன் கை விளக்கு, ஸ்டேஷன் மாஸ்டர் அறை விளக்கு, இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒரு விளக்கு என்று எல்லாமே மஞ்சள். 1941-ல் அணைத்த விளக்குகளை வரிசையாக எரிய வைத்துக்கொண்டிருக்கிறார், தன் ஓய்வூதியத்தில். கேட்டால் லைட்டு மட்டும்தான் பாக்கி என்கிறார். அந்தப் பலகையைப் பொறுத்தவரை அது முழு உண்மை.

பூனாவில் ஜோஷி என்பவர் அமைத்த குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998-லிருந்து இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். சாருக்கு அங்கே ஒருமுறை போகவேண்டும் என்று ஆசை. போகாததற்குக் காரணம் இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், கையிலுள்ள வேலை முடியவில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்து, இந்த இனத்தில் ஒருவர் வீட்டு மாடியேறும்படி ஆனால் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைக் கூரையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் திருகாணி இருக்காது. "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்காதீர்கள், ஒரு மணி நேரம் பதில் வரும். விலையை வீட்டம்மா காபி கொண்டுவரும்போது விசாரிக்காதீர்கள். சென்னையிலிருந்து போகிறீர்கள் என்றால் பழம், ஸ்வீட் எல்லாம் வேண்டாம். ரிச்சி தெருவில் இறங்கி, மூன்று மில்லிமீட்டர் எல்.ஈ.டி. ஒரு பாக்கெட்டும், கால் வாட் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒரு கொத்தும் வாங்கிக்கொண்டு போங்கள். எல்.ஈ.டி. வார்ம் ஒயிட்டாக இருக்கட்டும். கூல் ஒயிட் வாங்கிப் போனால் அந்த வீட்டில் காபிகூடக் கிடைக்காது.